தூள் பாவிக்காத வீடு

என் ஓட்டோவின் மூன்று சில்லிலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை! கேள்வி கேட்கிறவர்களை ஏற்றி இறக்குகிற தொழில் நாய் பிடிக்கிற தொழிலைவிட மோசம். நாய் பிடிக்கிறவனைக் கண்டால் நாய் மட்டும்தான் ஓடும், எங்களைக் கண்டால் ஊரே ஓடும். உங்களுக்குத் தெரியாததா? கிணறு எண்ண வந்தார்கள், மலசலகூடம் எண்ண வந்தார்கள், "அஞ்சு நிமிசம்தான்" என்று சொல்லி உங்கள் அடுப்பிலும் சோற்றைக் கருக்கியிருப்பார்கள். இந்தமுறை வந்தது போதைப்பொருள் ஆராய்ச்சி.

பெயர் இல்லாத கணக்கு

வந்தவள் வாசுகி, கொழும்பில் வளர்ந்த பிள்ளை, பல்கலைக்கழகக் கலாநிதி. போதைக்காரரைப் பிடித்து மறியலில், அதுதான் சிறையில், போடுவதா, வைத்தியம் பார்ப்பதா என்று படித்தவர்கள் இரண்டு பக்கமாக நின்று சண்டையாம். எத்தனை வீட்டில் இந்தத் துன்பம், சனம் என்ன நினைக்கிறது என்று அறிய மாங்குளத்துக்கு உள்ளே இருக்கிற எங்கள் ஊருக்கு வந்தாள்.

எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் அவள் இறங்கமுதலே முடிவைச் சொல்லிவிட்டார்: பிடித்துப் பொலிசில் கொடுப்பது. ஒருவர் பெயரும் எழுதமாட்டேன் என்றாள் வாசுகி. வேலியோரம் நின்ற பாக்கியம் அதைக் கேட்டு மூச்சு விட்டதை நான் பார்த்தேன். புருசன் இல்லாமல் ஒரே மகனை வளர்த்தவள். மகன் குமார் கொஞ்ச நாளாய் வெளியில் தலைகாட்டவில்லை. தலைவருக்கோ ஏமாற்றம்.

"பேரில்லாமல் கணக்கெடுத்து என்ன பிள்ளை செய்யிறது? காத்தையே பிடிச்சு உள்ளுக்கை போடுறது?"

முதல் வீடு

ஹெரோயினுக்கு ஊரில் என்ன பெயர் என்று வாசுகி என்னைக் கேட்டாள். "தூள்" என்றேன். கறிக்குப் போடுவதை அவள் வீட்டில் மசாலா என்பார்களாம். எங்களுக்கு மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்தால் அதுவும் தூள்தான். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தக் கதை கிடைத்திருக்குமா?

தவமணி அக்கா கதிரை போட்டு இருத்தினா. "வீட்டில யாராவது தூள் பாவிக்கிறீங்களா?" என்று வாசுகி மெல்லக் கேட்டாள். பதிலைக் கேட்டதும் அவள் கையிலிருந்து விழுந்த பேனை மண்ணில் முளைவிடும்வரை அவள் குனியவில்லை.

"தூளில்லாமல் ஒருநேரம் போகுமோ பிள்ளை! பேரனுக்கும் இப்பவே கொஞ்சம் தொட்டுப் பழக்கிறன். லண்டனிலை இருக்கிற மகளுக்கும் பார்சல் போகுது!"

சந்தையில்

ஊர் வீடெல்லாம் தூளைக் கேட்டு முடித்து, அடுத்தநாள் புதுக்குடியிருப்புச் சந்தையில் மற்றப் போதையைப் பற்றிக் கேட்டாள். அதற்கு நாடெங்கும் ஒரே பெயர்: ஐஸ். கேட்டதோ மீன் வியாபாரியிடம். மனிசன் முகமெல்லாம் மலர்ந்துபோனான்.

"விடியவே பெட்டியோடை இறக்கிப்போடுவன் தங்கச்சி. பள்ளிக்கூடப் பெடியள் வந்தாலும் ஆளுக்கொரு துண்டு குடுப்பன், பாவங்கள், வெய்யில்தானே!"

"இல்லை" என்ற வீடு

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் கணினியில் போட்டாள். கணினி மூன்றுதரம் தும்மியது, என் இரண்டு காதாலும் கேட்டேன். பச்சைப்பிள்ளை தொடக்கம் பல்லில்லாதவர் வரை ஊரே தூள்! ஒரு வீடு மட்டும் "இல்லை". அது பாக்கியத்தின் வீடு. கேள்வி முடியமுதலே "இல்லை, இல்லை" என்று படலையைச் சாத்தியவள்.

இனியும் மறைத்தால் பாவம் என்று கறித்தூள் கதையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள் வாசுகி. பிறகு சட்டென்று நிறுத்தினாள். பாக்கியத்தின் படலையில் நாங்கள் நின்றபோது குசினியில் மிளகாய் வறுபட்டு இரண்டுபேரும் தும்மியது அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

"அப்ப ஐயா, அந்த அக்கா மட்டும் எந்தத் தூளை இல்லையெண்டு சொன்னா?"

ஊசி போடாத டொக்டர்

நாங்கள் பாக்கியத்தைத் தேடிப் போகவில்லை. விடிய அவளே ஓட்டோவடிக்கு வந்தாள். வாசுகியை எல்லாரும் டொக்டர் என்பதை நம்பி, "பொலிசுக்குத் தெரியாமல் மகனுக்கு ஒரு ஊசி போடுவியளோ?" என்று கேட்டாள். தான் புத்தக டொக்டர் என்று வாசுகி விளங்கப்படுத்தினாள். ஆனால் வவுனியா ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள் என்று சொல்லி அங்கே தொலைபேசியில் பேசியும் விட்டாள்.

குமாரைப் பின்னால் இருத்தி, தாயையும் வாசுகியையும் ஏற்றிக்கொண்டு பறந்தேன். என் ஓட்டோ பறந்தால் கொக்குகள் வழிவிடும், பொலிஸ் விடாது. மறித்துவிட்டார்கள். வேர்த்து நடுங்குகிற குமாரைக் காட்டி, என்ன வருத்தம் என்று கேட்டார் பொலிஸ்காரர். ஆயிரம் பொய் என் நாக்கில் வரிசையில் நின்றது, நல்லதொன்றாய்ப் பொறுக்கத் தொடங்கினேன். பொய் சொல்லத் தெரியாத பாக்கியம், "தூள்தான் ஐயா, கூடிப்போச்சு" என்றாள். என் உயிர் ஒருமுறை மாங்குளம் வரை போய்த் திரும்பியது. பொலிஸ்காரர் குமாரை இரக்கமாகப் பார்த்துக் கையை அசைத்தார்.

"உறைப்பைக் குறைச்சுப் போடுங்கோ அம்மா. ஆளைக் கெதியாக் கொண்டு போங்கோ."

போத்தல்

குமார் இப்போதும் கிளினிக்குக்குப் போகிறான். இடையில் ஒருமுறை சறுக்கினான், வெட்கத்தைவிட்டுத் திரும்பவும் போனான். காலமையில் வயலில் அவன் சத்தம் கேட்கிறது. வாசுகி மறுபடி கேள்வியோடு வருகிறாள் என்று அறிந்த பாக்கியம், ஒரு போத்தல் நிறையக் கறித்தூள் அடைத்து என்னிடம் தந்தாள். அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

"டொக்டரிட்டைக் குடுங்கோ அண்ணை. இந்தமுறை எங்கட வீட்டுக்கும் 'ஓம்' எண்டு எழுதச் சொல்லுங்கோ."

மறியலோ வைத்தியமோ என்று படித்தவர்கள் கதைத்து முடிக்கிறபோது முடிக்கட்டும், எங்கள் ஊர் வழக்கை ஒரு பொலிஸ்காரர் உறைப்பைக் குறைக்கச் சொல்லித் தெருவிலேயே தீர்த்துவைத்தார், ஆனால் அது அவருக்கே தெரியாதபடியால் இதைச் சொன்னது நான் என்று மட்டும் ஒருத்தருக்கும் வாய்விடாதேயுங்கோ.