கிளாம்புக்கு வைத்த எண்ணெய்

போன புதன்கிழமை கினிகத்தேனையிலிருந்து ஓர் அட்டை வந்தது. அறுபது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான். யாரிடமும் கொடுக்காமல், பெருமையோடு நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். “அப்பா ஞாயிற்றுக்கிழமை காலமானார்” என்று சவரிமுத்துவின் மகள் எழுதியிருந்தாள். தப்பாக வாசித்திருப்பேன் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுத்து மாறவில்லை. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

டயகமப் பக்கத்தில் எங்கள் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் அந்த ஆலையில், என்னோடு வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மரம் கடையும் இயந்திரம் அவர் பொறுப்பு. நான் துணையாள், ஆனால் மூன்று வயது மூத்தவன். சோற்றைக்கூட நடந்துகொண்டே சாப்பிடுவார். இயந்திரத்தின் முன்னால் மட்டும் அவர் கால் ஊன்றி நிற்கும்.

உளியைச் சாய்த்துப் பிடிக்க அதில் ஓர் இரும்புத் தாங்கி உண்டு. அதை அடியிலிருந்து கவ்விப் பிடிப்பது கிளாம்பு. ஓர் ஆயுத பூசைக்கு எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். நான் பக்தி மிகுந்து, அந்தக் கிளாம்பின் உட்பக்கமெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். இரும்புக்கும் எண்ணெய்க் குளியல் நல்லது என்று நினைப்பு.

மறுநாள் சவரிமுத்து, தேயிலைச் செடியை மட்டம் வெட்டும் கவ்வாத்துக் கத்திகளுக்குப் பிடி கடைந்தார். தாங்கி வழுக்க, உளி மரத்தில் மாட்டி, அவருடைய கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அவர் மருந்து கட்டப் போனதும் நான் பதறி, ஸ்பேனரில் குழாயை மாட்டி நட்டை இறுக்கினேன். மறுபடியும் வழுக்கியது. இன்னும் இறுக்கினேன். போல்ட்டின் மரை அறுந்தது.

கவ்வாத்து ஆட்கள் பிடிக்காகக் காத்திருந்தார்கள். காலையில் தோட்டத்துத் துரை வருவார் என்று, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் சொன்னார். இயந்திரத்தைக் கெடுத்தவன் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டுவார்கள். பேர் போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பிராவும் போகும். எனக்கு நான்கு பிள்ளைகள். லயத்துக்கும் ஸ்டோருக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

விரலில் கட்டோடு திரும்பியவர் தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்து, கிளாம்பைத் தொட்டு முகர்ந்தார்.

“நல்லெண்ணெயாண்ணே?”

தலையாட்டினேன்.

“சாமிக்கு வைங்க, தலைக்கு வைங்க. கிளாம்புக்கு வச்சா அது எதைப் புடிக்கும்?”

மண்ணெண்ணெயால் எல்லாவற்றையும் கழுவி, உலரத் துடைத்தார். கிளாம்பில் எழுதுகிற சோக்குக் கட்டியைத் தேய்த்து, இறுக்கி, கழற்றிப் பார்த்தார். சோக்கு அழிந்த இடம்தான் மேடு. அங்கே மட்டும் அரம் போட்டார். வேறொரு போல்ட்டுக்கு மரை வெட்டினார். “குழா போட்டு இறுக்குறது பலமில்லண்ணே, பயம்” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மரத்தூளைத் தட்டி, கிளாம்பை உலர்ந்த துணியால் துடைத்தேன்.

காலையில் துரை வந்து, துடைத்துப் போட்ட எண்ணெய்த் துணியைப் பார்த்து, எண்ணெய் வைத்தது யார் என்று டீமேக்கர் மூலமாகக் கேட்டார். நான் குனிந்து மரத்தூளைக் கூட்டத் தொடங்கினேன்.

“நாங்கதாங்க. பூசைக்கு வச்சோம்” என்றார் சவரிமுத்து.

டீமேக்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீ வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். உனக்கு என்னடா ஆயுத பூசை?”

“பொரி கடலை மட்டும் வாங்கித் திங்கிறேன்ல ஐயா, எண்ணெய் வைக்க வேணாமா?”

இயந்திரம் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் துரை போய்விட்டார். யார் பேரும் வெட்டப்படவில்லை. ஆனால் அன்று முதல் நீங்கள் அவரை ‘எண்ணெய்ச் சவரி’ என்று கூப்பிட்டீர்கள். நானும் கூடச் சிரித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் எத்தனையோ முறை சொன்னேன். “பேசாம இருங்கண்ணே, புள்ளைங்க இருக்கு” என்பார். அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்தபின்னும் நான் பேசாமலே இருந்தேன்.

இனித் தடுக்க அவர் இல்லை. கிளாம்புக்கு எண்ணெய் வைத்தவன் நான், நான் ஒருவன்தான். அந்தப் பட்டப்பெயரை இனி எனக்குச் சொல்லுங்கள். அவர் சொன்ன ‘நாங்க’ என்ற சொல்லை மட்டும் என்னிடமே விட்டுவிடுங்கள்.