பத்துக் கம்பித் தறி

சாரதாமணி அக்காவுக்குக் காது கேட்காது. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி விழும், மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். குமாரபாளையத்தில் முப்பத்தெட்டு வருடம் விசைத்தறிகளுக்கு நடுவில் நின்றதில் வந்த வினை. என் கிதாரைச் சரிசெய்ய அவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்று என் மனைவி ஸ்ரீதேவி சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தேன். கால் போனவனைக் காது போனவரிடம் அனுப்புகிறாளே, என் நிலைமை இவளுக்கு விளையாட்டாக இருக்கிறதா என்று எனக்குக் கோபம்.

என் வாத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெடல் ஸ்டீல் கிதார். மடியில் வைத்து வாசிப்பது இல்லை. மேசை மாதிரி நான்கு கால்களில் நிற்கும், மேலே பத்துக் கம்பி. இடது கையில் பிடித்த ஓர் எஃகு உருளையைக் கம்பிகள்மேல் வழுக்கி வாசிக்க வேண்டும். கீழே மிதிகள் இருக்கும், முட்டியால் தள்ளும் லீவர்கள் இருக்கும். ஒரு மிதியை அழுத்தினால் ஒரு கம்பி மட்டும் இழுபட்டுச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். இடது பாதத்தைச் சாய்த்து இரண்டு மிதிகளைச் சேர்த்து அழுத்தினால் இரண்டு கம்பிகள் ஏற, பக்கத்துக் கம்பி அசையாமல் நிற்கும். அந்த ஓசைக்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று கல்யாணமான புதிதில் ஸ்ரீதேவியிடமே சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் கிளார்க் வேலை, சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பு. ஓய்வு நேரத்தில் வெங்கடாசலம் நடத்தும் மெல்லிசைக் குழுவில் வாசிப்பேன், இருபத்திரண்டு வருடமாக. போன தை மாதம் இடது பாதத்தில் ஒரு கொப்புளம். சர்க்கரை இருப்பவன் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. பங்குனியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, அது போகவில்லை. ஆனால் செயற்கைக் காலுக்குக் கணுக்கால் சாயாது. இரண்டு மிதிகளை அது சேர்த்து அழுத்தாது. வெங்கடாசலம் வீட்டுக்கே வந்து சொன்னார்: "ஈஸ்வரு, ஆவணி முகூர்த்தம் முழுக்க புக் ஆயிருக்கு. ஆடி கடைசி ஞாயித்துக்கிழமை ஒத்திகை. வந்து வாசிச்சா நீங்க. இல்லாட்டி பிரபா கீபோர்டுலயே அந்தச் சத்தத்தைப் போட்டுக்கறான்." நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் போன பிறகு நான் அழுதேன்.

சென்னையில் ஒரு கடைக்காரர் போனிலேயே முடியாது என்றார். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் அறுத்து வெல்டு வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். கடைசியில் ஸ்ரீதேவி சொன்னதுதான் நடந்தது. அவளுடைய பெரியப்பாவின் தறிப் பட்டறையில்தான் சாரதாமணி அக்கா பிட்டர், தறி பழுது பார்ப்பவர்.

பதினாறு வயதில், நாடாவுக்கு நூல் தார் சுற்ற வந்தவர். பிறகு தறி ஓட்டினார். தறி நின்றால் பிட்டருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்; அவர் மாப்பிள்ளை முறுக்கோடு மத்தியானத்துக்கு மேல் வருவார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அக்காவே ஸ்பேனரை எடுத்திருக்கிறார். முதலாளி கத்த ஓடிவருவதற்குள் தறி ஓடிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பட்டறைக்கு வேறு பிட்டர் கிடையாது. அந்தச் சத்தத்தில் காதுள்ளவனுக்கும் ஒன்றும் பிரிந்து கேட்காது. அதனால் அவர் உள்ளங்கையைத் தறிமேல் வைத்துப் பார்ப்பார். எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று கையே சொல்லிவிடுமாம். இதையெல்லாம் பெரியப்பா பெருமையாகச் சொன்னபோது நான் நம்பவில்லை.

என் கிதாரைப் பார்த்ததும் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். உள்ளே ராடுகளும் குட்டி லீவர்களுமாக ஒரு காடு. கையால் ஒரு மிதியை அழுத்தினார், விட்டார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார்.

"இது தறிதானுங்க மாப்பிள்ளை. மிதிச்சா நூலு ஏறுது, உட்டா எறங்குது. பத்தே நூலு. எங்குளுதுல ரெண்டாயிரம்."

முதலாளி வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் என்பதால் நான் மாப்பிள்ளை. வயதில் மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அக்கா.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. முதல் வாரம் கிதாரைத் தொடவே இல்லை, என்னைத்தான் அளந்தார். என்னை உட்கார வைத்து, தொடையில் நூலைக் கட்டி, இடப்பக்கம் எவ்வளவு தள்ள முடிகிறது, கீழே எவ்வளவு அழுத்த முடிகிறது என்று முடிச்சுப் போட்டுக் குறித்துக்கொண்டார். மருத்துவமனையில்கூட என்னை இவ்வளவு அக்கறையாக ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு ஒரு மிதியின் வேலையைப் பிரித்து முட்டி லீவருக்கு மாற்றினார். மற்ற மிதியைச் செயற்கைக் கால் தவறாமல் இறங்கும்படி அகலமாக்கினார். இனி முட்டியை இடது பக்கம் தள்ளினால் ஒரு கம்பி, தொடையோடு கீழே அழுத்தினால் இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். பற்றாமல் போன ராடுகளுக்குச் சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி. நான் வாய் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நான் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றுக்கொண்டார்.

கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. சுருதி சேர்த்து, வாசித்துப் பார்த்து, பட்டறையிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேனோடு போனால் பத்துக் கம்பியும் தொங்குகிறது.

"யாரு இதைப் பண்ணினது?"

"நாந்தானுங்க. ராத்திரி பூரா இழுத்துக் கட்டியே உடலாமுங்களா? நூலு நீண்டு செத்துப் போயிருமுங்க. தறிக்கு லீவு உடறப்ப பாவு நூலைத் தளத்தி உட்டுட்டுத்தான் ஊட்டுக்குப் போவோம்."

தறிக்காரர்களைத் தவிர உலகத்தில் யாரும் செய்யாத தப்பு இது. தளர்ந்த கம்பி மறுபடி ஏற்றினால் உடனே நிற்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். பதினொரு மணிக்கு ஒத்திகை. நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பாதியாவது அவருக்குக் கேட்டிருக்காது என்று இப்போது சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"நானும் வாரேனுங்க. கெடுத்தவளே சரி பண்ணித் தாரேன்," என்று வேனில் ஏறிக்கொண்டார்.

சூரமங்கலத்தில் ஒத்திகை நடக்கும் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. பிரபா கீபோர்டை விரித்து வைத்திருந்தான். சுருதி காட்டும் ட்யூனரை வைத்து ஒரு கம்பியை ஏற்றினேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. அக்கா என் கையை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் விரலில் கோத்து நாலைந்து தடவை நிதானமாக இழுத்துவிட்டார். அதன் பிறகு நான் ஏற்றிய முதல் கம்பி நின்றது.

"இதோட எது எது ஒட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

இடது உள்ளங்கையைக் கிதாரின் கட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் இரண்டிரண்டு கம்பிகளாக மீட்ட, அவர் வலது கையால் முடுக்கினார். சுருதி சேராத இரண்டு கம்பிகள் சேர்ந்து ஒலித்தால் சத்தத்தில் ஓர் அலை அடிக்கும். நான் அதைக் காதால் கேட்பவன். அவர் கையால் எண்ணிக்கொண்டிருந்தார். "சண்டை போடுதுங்க... இன்னும் போடுது... இப்ப கம்மி... நின்னுருச்சு." மிதியை அழுத்திய நிலையிலும் சண்டை நிற்கும்வரை ராடின் நுனித் திருகைத் திருப்பினார்.

முடிந்ததும் நான் ட்யூனரை வைத்துச் சரிபார்த்தேன். காந்தாரக் கம்பி பதினான்கு புள்ளி குறைவு, சிவப்பு விளக்கு. திருகில் கை வைத்தேன்.

"அதைத் தொடாதீங்க. இப்பத்தான் சமாதானமாயிருக்குது."

எரிச்சலோடு, தப்பைக் காட்டுவதற்காகவே, காந்தாரத்தையும் அதனோடு ஒட்ட வேண்டிய இரண்டையுமாக மூன்று கம்பிகளையும் சேர்த்து மீட்டினேன்.

என்ன சொல்வது! இருபத்திரண்டு வருடமாக ட்யூனரின் பச்சை விளக்கை நம்பி வாசித்தவன் நான். அந்த மூன்று கம்பிகளும் மூன்றாகக் கேட்கவே இல்லை. நடுக்கமில்லாத ஒரே ஓசை அந்த அறையை நிறைத்துக்கொண்டு நின்றது. மூலையில் தபேலாவைத் தட்டிக்கொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்தினார். நான் ஒருநாளும் சரியாகக் கேட்காத என் வாத்தியத்தை, காது கேட்காத ஒரு பெண் சரியாக வைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவர் காலில் விழலாம் போல இருந்தது.

வெங்கடாசலம் வந்தார். மெதுவான ஒரு பாட்டைச் சொல்லி அதன் ஆரம்ப இசையை வாசிக்கச் சொன்னார். வேண்டுமென்றேதான் அதைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு மிதிகளும் சேர்ந்து விழுகிற இடம் அதில் மூன்று தடவை வரும். முதல் இடத்தில் முட்டியைத் தள்ளித் தொடையை அழுத்தினேன். இரண்டு கம்பிகள் ஏறின, மூன்றாவது நின்றது. இரண்டாவது இடமும் சரியாக விழுந்தது. மூன்றாவது வருவதற்குள் கால் போனதையே மறந்திருந்தேன்.

வாசித்து முடித்தபோது வெங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பிரபாவைப் பார்த்து, "தம்பி, அந்த இடம் அவருது. ஆவணி பூரா நீ அதுல கை வைக்காதே," என்றார். பிரபா சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அக்கா வாசிப்பு முழுவதும் குனிந்து, கட்டையின் அடியில் வைத்த கையை எடுக்காமல் நின்றிருக்கிறார். வெங்கடாசலத்தின் உதட்டை அவர் பார்க்கவில்லை.

"என்ன சொன்னாருங்க மாப்பிள்ளை?"

வாயைத் திறந்தேன். குறை சொல்ல மட்டுமே பழகிய வாய் அது, மூடிக்கொண்டேன். அவர் கை இருந்த இடத்துக்கு நேர் மேலே மூன்று கம்பிகளையும் சேர்த்து இன்னொரு தடவை மீட்டினேன். ஓசை அடங்கும்வரை அவர் அசையவில்லை.

"சரிங்க," என்றார்.