நான் கொளுத்திப் பார்த்த இழை

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் சாட்சியைத் தொடங்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், ஊர்த் தலைவர் என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபோது, என் வாயில் ஸ்தோத்திரம் வரவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் எஸ்தர். நம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் தேவராஜின் மகள். போன வருஷம் நீங்கள் எல்லாரும் கை வைத்து ஜெபித்து என்னைக் கம்போடியாவுக்கு ஊழியத்துக்கு அனுப்பினீர்கள். அங்கேயும் பட்டு நெய்கிற ஒரு கிராமம். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்த வேண்டும், மற்ற நாட்களில் ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். இரண்டு வருஷம் என்று போனவள் ஏழாவது மாதத்திலேயே மூட்டை கட்ட வேண்டிய நிலை வந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரையும் நம்பத் தெரியாது. அது அப்பாவின் ஆட்டோவில் உட்கார்ந்தே வளர்ந்த குணம். புடவை வாங்க வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கடை கடையாக ஏற்றிப் போகிறவர் அவர். எந்தக் கடையில் எந்தப் புடவை போலி என்று வீடு திரும்பியதும் சொல்லுவார். முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீக்குச்சி வைத்தால், தலைமுடி கருகும் வாசனை வந்து சாம்பலாக உதிர்வது பட்டு, உருகிக் கெட்டி மணியாகச் சுருண்டுகொள்வது பிளாஸ்டிக் நூல். எனக்கு ஏ, பி, சி, டி தெரியுமுன் இது தெரியும்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரி பெயர் சொபியாப். ஊரே அவரை மிங் என்று கூப்பிடும். அவர்கள் பாஷையில் சித்தி மாதிரி. மரக்கால்களின் மேல் வீடு, வீட்டுக்கு அடியில் தறி. மிங் காலையில் தறியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். நான் வெளியே போயிருக்கும்போது என் அறைக்குள் வந்து போகிறார் என்று எனக்குச் சந்தேகம். சோப்புக் கட்டி சீக்கிரம் கரைகிறதோ என்று சந்தேகம். அவர் சிரித்தாலும் சந்தேகம். நான் அங்கே போன முதல் வாரம், நீங்கள் எனக்கு வழியனுப்பு விழாவில் கொடுத்த அரக்கு நிறப் புடவையை அட்டைப் பெட்டியிலிருந்து முதன்முதலாகப் பிரித்து அவரிடம் காட்டினேன். "எங்க ஊருப் பட்டு. உலகத்துலயே ஒசத்தி" என்று அளந்துவிட்டேன். மிங் ஒரு தரம் தடவிப் பார்த்தார். சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரும் என்னை நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் இனிக்க இனிக்கப் பேசி, வெளிநாட்டு வேலை என்று இரண்டு பெண்களை யாரோ கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. நானோ வந்ததும் வராததுமாக, ஞாயிறு பள்ளிக்கு வருகிற பிள்ளைகளின் பெயரையும் வயதையும் நோட்டில் எழுதினேன். எதற்கு எழுதுகிறாள் என்று பேச்சு கிளம்பியது.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை மிங் தான் நெய்த பட்டுத் துண்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார். சும்மா. நம் ஊரில் யார் பட்டைச் சும்மா கொடுப்பார்கள்? என்ன எதிர்பார்க்கிறார்? பட்டுதானா அது? கை அரித்தது. பின்பக்கம் போய் ஒரு இழையை உருவிக் கொளுத்தினேன். கருகிய முடி வாசனை வந்தது, சாம்பலாக உதிர்ந்தது. அசல் பட்டு. நிமிர்ந்தால் மிங் எதிரே நிற்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக்காரியும் நிற்கிறாள்.

மிங் திரும்பித் தறிக்குப் போய்விட்டார். அண்டை வீட்டுக்காரிதான் பேசினாள். கொடுத்த துணியில் நூல் எடுத்து எரித்து நான் ஏதோ செய்வினை வைக்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொன்னாள். திங்கட்கிழமை அவளுடைய நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை என் பாஸ்போர்ட் போனது. வியாழக்கிழமை காலை ஊர்க் கூட்டம். நீ தங்க ஊர் ஒத்துக்கொள்ளாவிட்டால் போலீசில் ஒப்படைத்து அனுப்பிவிடுவோம் என்றார் தலைவர். நான் போனால் அந்த ஊரில் இனி ஊழியமே கிடையாது.

அப்பாவுக்கு போன் செய்து அழுதேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"இன்னாமா பண்ணிட்ட நீ? அந்தம்மா பாத்துக்கினு இருக்கும்போதா?"

"அங்க நின்னாங்கன்னு தெரியாதுபா. நீதானே கத்துக்குடுத்த?"

"கடைக்காரன் எதிர்ல கொளுத்தலாம்மா. ஆசையா குடுத்தவங்க எதிர்ல கொளுத்தலாமா? போய் மன்னிப்பு கேளு. அப்புறமா ஜெபம் பண்ணு."

போனேன். தறிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, தெரிந்த அரைகுறை பாஷையில் மன்னிப்புக் கேட்டேன். மிங் தறியை நிறுத்தவில்லை. முகத்தையும் திருப்பவில்லை. மேலே வந்து தரையில் விழுந்தேன். "ஆண்டவரே, இந்த ஊரில் எனக்காகப் பேச ஒரு வாய் கிடையாது. ஒரே ஒரு வாயைத் திறந்து கொடும்." இரண்டு நாளும் இதே ஜெபம்தான். யார் யாருடைய வாயையோ நினைத்தேன். மிங்கை நினைக்கவே இல்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் அண்டை வீட்டுக்காரி பேசி முடித்ததும் மிங் எழுந்தார். என் பக்கம் திரும்பி, அந்த அரக்குப் புடவையைக் கொண்டுவரச் சொன்னார். சரி, இவரும் சேர்ந்துகொண்டார் என்று நினைத்தேன். எடுத்து வந்து கொடுத்தேன். அவர் சொன்னதை நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன்.

"இது மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. நூல் வாங்கும்போது நானும்தான் கொளுத்திப் பாக்கறேன். பட்டுக்காரங்க புத்தி அது. இவ என்னை சந்தேகப்பட்டா. அது எனக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கறது. ஊருக்கு அதுல வேல இல்ல."

சொல்லிவிட்டு, தான் கொடுத்த துண்டில் ஒரு இழையை எடுத்து எல்லார் முன்னாலும் கொளுத்தினார். சாம்பலாக உதிர்ந்தது. பிறகு என் புடவையில் ஒரு இழை. உலகத்திலேயே ஒசத்தியான பட்டு! அது உருகியது. சுருண்டது. கறுப்பு மணியாக அவர் விரல் நுனியில் நின்றது.

"பாவம், சொந்த ஊர்லயே இவள ஏமாத்திட்டாங்க. வந்த அன்னிக்கே தொட்டதும் தெரிஞ்சிடுச்சு. சொன்னா மனசு கஷ்டப்படும்னு சொல்லல" என்றார்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். ஏமாற்ற வந்தவள் இப்படியா ஏமாந்து நிற்பாள் என்று ஒரு பெரியவர் சொன்னாராம். பாஸ்போர்ட் அங்கேயே கைக்கு வந்தது. சனிக்கிழமை அந்தக் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு பள்ளிக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது அந்த அண்டை வீட்டுக்காரிதான். நோட்டில் பெயரையும் அவளே எழுதச் சொன்னாள். ஸ்தோத்திரம்!

பாஸ்டரம்மா, நீங்கள் அழ வேண்டாம். பெண்கள் ஐக்கியத்து அக்காமார்களும் தலையைக் குனிய வேண்டாம். ஏதோ ஒரு கடைக்காரன் உங்களை ஏமாற்றினான். ஆனால் அது அசல் பட்டாக இருந்திருந்தால் அந்த ஊர் சிரித்திருக்காது, நானும் இன்று போலீஸ் ஸ்டேஷன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். நான் கேட்ட ஒரு வாயைத் தேவன் திறந்தார். நான் யாரைக் கடைசிவரை நம்பவில்லையோ, அந்த வாயைத் திறந்தார். உங்களுக்கும் அப்படி ஒருவர் பக்கத்திலேயே இருக்கலாம். ஜெபித்துவிட்டு, அவரை ஒரு தரம் நம்பிப் பாருங்கள். எனக்கே இது சுலபமாக வரவில்லை. இப்போதும் சோப்பைப் பார்க்கிறேன்.

விடுமுறை முடிந்து அடுத்த வாரம் திரும்பிப் போகிறேன். மிங்குக்குக் கொடுக்கச் சொல்லி நீங்கள் இன்னொரு புடவை கொடுத்திருக்கிறீர்கள். நேற்று அப்பா அதைப் பார்த்ததும் ஆட்டோவிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தார்.

"வேணாம்பா."

"மறுபடியும் போலியா இருந்தா இன்னாமா பண்ணுவ?"

"மிங் தொட்டுப் பாத்துட்டு சிரிப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்கபா."

அப்பா தீப்பெட்டியைத் திரும்ப ஆட்டோவில் வைத்துவிட்டார்.