நெவேனாவுக்கு வந்த நாற்பத்தொரு கடிதங்கள்

லியூபெனின் முகம் ஊரில் பதினோரு கம்பங்களில் ஒட்டியிருந்தது. அவற்றில் ஒன்பது அவனே ஏறிக் கம்பி இழுத்தவை. செத்தவர் படத்தைக் கறுப்புக் கரை போட்ட தாளில் அச்சடித்துக் கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவது அந்த மலைப்பக்கத்து வழக்கம். நாற்பதாம் நாள் தாளை ஒட்டிவிட்டு, கையிலிருந்த பசையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவன் மனைவி நெவேனாவுக்குப் பதிவகத்திலிருந்து கடிதம் வந்தது. அவித்த கோதுமையைக் கிண்ணங்களில் போட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கவேண்டியிருந்ததால் சாயங்காலம் வரை அதைத் திறக்கவில்லை.

திறந்தபோது முதல் வரி இரங்கல். இரண்டாவது வரியில் முகவரிகளைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள்.

வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல, இணையத்தில் சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண்களைப் பல நாடுகளுக்குப் பொதுவாகப் பங்கிட்டுக் கொடுக்கும் அலுவலகம்தான் பதிவகம். லியூபெனிடம் ஆயிரத்து இருபத்து நான்கு எண்கள் இருந்தன. அவன் இழுத்த இணையக் கம்பி வழியே ஒன்பது மலைக்கிராமங்கள் அவற்றை வைத்துத்தான் உலகத்தோடு பேசின. பதிவகத்தில் உறுப்பினர் அவன் ஒருவன் மட்டுமே. அவன் போனதும் உறுப்பினர் உரிமையும் போயிற்று. எண்களை வாங்கி இரண்டு வருடம் முடியாமல் இன்னொருவர் பெயருக்கு மாற்றக் கூடாது என்பது விதி. அவன் வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது; அதற்கு முன் ஓடியது, இப்போது மூடிப்போன ஒரு கம்பெனியின் இரவல் எண்களில். திருப்பித் தரப் பதின்மூன்று வாரம் தவணை கொடுத்திருந்தார்கள்.

அந்த விதியை எழுதியவனே லியூபென்தான்.

நெவேனா புகையிலை கோத்த குடும்பத்துப் பெண். ஊர்த் தபால் நிலையத்தை மூடும்வரை அங்கே வேலை பார்த்தாள். மூடிய பிறகு புருஷனோடு கம்பம் ஏறினாள். முதல் கம்பியைப் பள்ளத்தாக்கின் அக்கரைக்குக் கொண்டுபோனது அவளுடைய யோசனை. தூண்டில் கோலில் ஈயக்குண்டைக் கட்டி வீசினார்கள். நாலாவது வீச்சில் அக்கரை வால்நட் மரத்தில் மாட்டியது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்கு எந்த எண் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனால் எண்களைப் பற்றிய சண்டையெல்லாம் லியூபெனின் பாடு. பதிவகத்தின் விதிகளை மேலிருந்து யாரும் போடுவதில்லை; எண்களைப் பயன்படுத்துகிற ஆட்களே போடுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஓர் அஞ்சல் பட்டியல் உண்டு; அதற்கு எழுதும் மின்னஞ்சல் எல்லோருக்கும் போகும். அதில் யார் வேண்டுமானாலும் புது விதி கேட்கலாம், யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். வாக்கெடுப்பு கிடையாது. காரணம் சொல்லி எழுதவேண்டும், மறுப்புக்குப் பதில் சொல்லவேண்டும். கடைசியில் ஒத்துவந்ததா இல்லையா என்று பட்டியலின் தலைவர் சொல்வார்.

எண்களின் கடைசிக் குவியல் கரைந்துகொண்டிருந்த காலத்தில், புதியவர் வேஷத்தில் வந்து வாங்கி மறுவாரமே கைமாற்றிவிடும் கூட்டம் ஒன்று கிளம்பியது. அவர்களுக்கு அணைபோடத்தான் லியூபென் அந்த இரண்டு வருட விதியை எழுதினான். சமையலறை மேசையில் உட்கார்ந்து, அவள் சுட்ட குடைமிளகாயைத் தோலுரிக்க உரிக்க, வாசித்துக் காட்டினான். கடைசியில் ஒரு வரி இருந்தது: உறுப்பினர் இறந்தால் வாரிசுக்கு மட்டும் விலக்கு.

"அந்த வரிய எடு," என்றாள்.

"ஏன், நான் செத்தா உனக்கு வேணாமா?"

"நீ எங்க சாகப்போற? அந்த வரி இருந்துச்சுன்னா ஒவ்வொரு திருட்டுப்பயலும் சாகக் கெடக்கிற கெழவனாப் பாத்துப் பதிவு பண்ணுவான். பொந்து வச்சுட்டு எலி வருதுன்னு அழக்கூடாது."

"நீ போலீசுக்குப் போயிருக்கணும், நெவா," என்று சிரித்துக்கொண்டே அழித்துவிட்டான்.

அந்த விதிக்குப் பட்டியலில் நூற்றுப்பன்னிரண்டு அஞ்சல்கள் பறந்தன. முட்டாள் என்றார்கள், மலைக்காட்டான் என்றார்கள். லியூபென் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, கடைசியில் விதி நின்றது. பட்டியலின் தலைவர் திபோர், ஹங்கேரிக்காரர், அடுத்த கூட்டத்தில் அவனோடு ரக்கியா சாராயம் குடித்துவிட்டு, "இவ்வளவு சின்ன விதிய இவ்வளவு சத்தமா யாரும் கொண்டுவந்ததில்ல," என்றாராம்.

புதிதாகக் கொடுக்கப் பதிவகத்திடம் எண்கள் மிச்சமில்லை; இருப்பதும் போனால் மிஞ்சுவது ஒரே வழி, கீழே நகரத்திலிருக்கும் பெரிய கம்பெனி. அவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சாலையோரத்து ஆறு கிராமங்களை எடுத்துக்கொள்கிறோம், மேலே இருக்கும் மூன்று கட்டுப்படியாகாது என்றார்கள். அந்த மூன்றும் பள்ளத்துக்குள் கிடப்பவை. கைபேசி சிக்னலும் எட்டாது. மூன்றையும் விட்டுவிட நெவேனாவுக்கு மனமில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு முன்மொழிவு எழுதினாள். வாரிசு அதே ஊர்களுக்கு அதே சேவையைத் தொடர்ந்தால் எண்கள் அவரிடமே இருக்கட்டும் என்பதுதான் சாரம். திபோர் அதைப் பட்டியலில் வைத்தார். முதல் கட்டம் நான்கு வாரம். அதைத் தாண்டினால், இறுதி முடிவு வரும்வரை எண்களில் கைவைக்கமாட்டோம் என்று பதிவகமும் எழுதிக் கொடுத்தது.

மறுநாளே கடிதங்கள் வரத் தொடங்கின.

உக்ரைனிலிருந்து ஒருவர், "நீங்க கேக்கிறது நூத்துக்கு நூறு நியாயம், தங்கச்சி," என்று எழுதியிருந்தார். போர்ச்சுகல்காரி ஒருத்தி, லியூபென் மேசைமேல் ஏறி நின்று பாடிய படம் ஒன்றை அனுப்பினாள். எஸ்தோனியாக்காரர் ஒருவர் இரங்கல் சொல்லிவிட்டு, சேவை தொடர்கிறதா என்று பதிவகம் எப்படிச் சரிபார்க்கும் என ஒரு சந்தேகத்தையும் கேட்டிருந்தார். 'இதைப் பொதுவில் கேட்பது அழகல்ல' என்று கீழே ஒரு குறிப்பு வேறு. நெவேனா எல்லோருக்கும் நன்றி எழுதினாள். எஸ்தோனியாக்காரருக்கு மட்டும் ஒரு பக்கத்துக்குத் தெளிவாகப் பதில் எழுதினாள்.

கம்பி வேலைக்கு இருந்த தான்சோ தினமும் கேட்பான்.

"அக்கா, இன்னைக்கு எத்தன?"

"நாப்பத்தொண்ணு."

"அடேயப்பா! நம்ம மேயருக்குக்கூட இவ்வளவு ஓட்டு விழலயே. அதுவும் அந்தாளு ஆட்டக் கொன்னு விருந்து வச்சான்."

அவள் சிரித்தாள். லியூபென் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

முன்மொழிவு வைத்த இருபத்தொன்பதாம் நாள் காலை திபோர் கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நெவேனா, பட்டியல்ல ஒருத்தர்கூட எழுதல."

"என்ன சொல்றீங்க? எனக்கு நாப்பத்தொரு கடிதம் வந்திருக்கு."

"தெரியும். அதுல ஒண்ணு என்னோடது." என்றார் திபோர். "எல்லாம் உங்களுக்குத்தான் வந்திருக்கு. பட்டியலுக்கு வரல. பட்டியல்ல இருக்கிறதத்தான் நான் கணக்குல எடுக்க முடியும். முதல் கட்டத்துல யாரும் பேசலேன்னா யாருக்கும் அது வேணாம்னு அர்த்தம். கைவிட்டாகணும்."

"நான் இப்பவே எல்லாத்தையும் அனுப்புறேன்."

"நேத்தோட முடிஞ்சுது."

"ஒரே ஒரு நாள், திபோர்."

"லியூபெனோட வீட்டுக்காக இன்னைக்கு ஒரு நாள் நீட்டுனா, நாளைக்கு எவன் வீட்டுக்காக நீட்டச் சொல்வாங்க? அவன் இருந்திருந்தா என் சட்டையப் பிடிச்சிருப்பான்."

அது உண்மை. கைவிட்ட முன்மொழிவை ஆறு மாதத்துக்கு மறுபடி வைக்கக் கூடாது. அவளுக்கு மிச்சம் இருந்தது ஏழு வாரம்.

"ஏன் எழுதல? அத மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு மூணு பேரக் கேட்டுப் பாத்தேன். ஆதரிச்சு எழுதுனா எவனாவது மறுத்து எழுதுவான், அது உங்க கண்ணுல படும்னு ஒருத்தன் சொல்றான். கறுப்பு உடுத்தி இருக்கிற பொண்ணோட எப்படி வாதாடுறதுன்னு இன்னொருத்தன். எல்லாருமே மத்தவங்க எழுதியிருப்பாங்கன்னு நெனச்சுட்டாங்க. நான் தலைவர், நான் கூப்பிட்டு எழுதச் சொல்லக் கூடாது."

"லியூபென மட்டும் நாயாக் கொதறுனீங்களே."

"அவனக் கொதறுறதுன்னா எங்களுக்கு ஆசை."

"என்னையும் கொதறியிருக்கலாம்ல?" என்றாள் நெவேனா. "அந்த எஸ்தோனியாக்காரர் கேட்டத எல்லார் முன்னாலயும் கேட்டிருந்தா, நான் பதில் சொல்லியிருப்பேன். அவருக்கு நான் சொன்னது நல்ல பதில், திபோர்."

மத்தியானம் பட்டியலில் இரண்டு வரி வந்தது: ஆதரவு எதுவும் தெரிவிக்கப்படாததால் இந்த முன்மொழிவு கைவிடப்படுகிறது. முன்மொழிந்தவருக்கு நன்றி. அதற்குக் கீழேயும் யாரும் எதுவும் எழுதவில்லை.

ஆறு கிராமங்களும் கம்பெனியின் கைக்குப் போயின. தவணை முடியும் நாளன்று நெவேனா, தான்சோ கூட வருகிறேன் என்றதையும் கேட்காமல், இணைப்பைத் துண்டிக்கத் தனியாக மேலே போனாள். மூன்று ஊருக்கும் கம்பி பிரியும் பெட்டி எமினே வீட்டுக் கொல்லைச் சுவரில் இருந்தது. எமினேயின் புருஷன் ருஷென் ஜெர்மனியில் கட்டட வேலை. மதியம் ஆனால் அவன் அங்கே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பான், இவள் இங்கே பருப்புச் சூப்பை முன்னால் வைத்துக்கொள்வாள். ஏழு வருடமாகத் திரையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பாடு.

"வா, நெவேனா. தட்டு எடுத்துட்டு வரவா? ஏதோ போகுதாமே, ஊர்ல பேசிக்கிறாங்க. திரும்ப எப்ப வரும்?"

"வராது அக்கா."

எமினே கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தப் பாவி போட்ட சட்டம் அது?"

யாரோ ஓர் ஆபீஸ் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "நாங்கதான் போட்டோம் அக்கா. லியூபென் எழுதுனான். அதுல உங்களக் காப்பாத்தியிருக்கக் கூடிய வரிய நான்தான் அழிக்கச் சொன்னேன்."

எமினே திட்டவில்லை. அதற்குள் திரை மணியடித்தது. தலையில் மஞ்சள் தொப்பியோடு ருஷென் வந்தான்.

"என்னடி, இன்னைக்குப் படம் இவ்வளவு தெளிவா இருக்கு!" என்றான். "உன் காதுல புதுத் தோடு. யாரு வாங்கிக் குடுத்தா? சொல்லு, நான் இங்கேருந்தே வந்து அவன வெட்டுறேன்."

எமினே சிரித்தாள். நெவேனாவைத் திரும்பிப் பார்க்காமல், மேசைக்கடியில் கையை மட்டும் நீட்டி, கொஞ்சம் பொறு என்று சைகை காட்டினாள்.

நெவேனா கொல்லைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. மூன்று ஊர்களிலும் யார் யாரோ யார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றையும் தொடாமல் சுவரோரம் குந்தி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே கரண்டிச் சத்தமும் ருஷெனின் சிரிப்பும் கேட்டன. அவன் இரண்டாம் முறை ரொட்டி கேட்டுக் கேலி செய்தான். எமினே திரைப்பக்கம் ரொட்டியை நீட்டியிருக்கவேண்டும்.

அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நெவேனா காத்திருந்தாள்.