இரண்டாவது பொட்டலம்

“பொட்டப் புள்ள படிச்சி இன்னா பண்ணப் போவுது? தலைல எய்தினதுதான் நடக்கும்.” அத்தை இதைச் சொன்னபோது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை.

இன்று அத்தை நினைவுக்கு வரக் காரணம், புதுச் சுடிதாரின் கைவிளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூல் பிசிறு. புதுத்துணி வாசனை என்றாலே எனக்கு அம்மா வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் மிச்ச நூலை வெட்டுவது அவள் வேலை. சாயங்காலம் அவள் தலைமுடியில் ஒட்டியிருக்கும் துணுக்குகளைப் பார்த்தே, அன்றைக்கு எந்த நிறச் சட்டை ஓடியது என்று சொல்லிவிடுவேன்.

கல்லூரியில் கிரேக்கர்களின் புராணத்தைப் படித்தபோது அதனால்தான் ஒரு கதை சட்டென்று ஒட்டிக்கொண்டது. மனித வாழ்க்கை ஒரு நூலாம். மூன்று சகோதரிகளில் ஒருத்தி நூற்பாள், ஒருத்தி அளப்பாள், ஒருத்தி வெட்டுவாள். தெய்வங்களாலும் அதை மாற்ற முடியாதாம். அம்மாவிடம் சொன்னேன். “வெட்டறவளுக்கு ஓவர்டைம் உண்டா?” என்றாள்.

அந்தக் கல்லூரிக்கு நான் போய்ச் சேர்ந்ததே ஒரு கதை. என்னைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க அத்தைக்கு ஆசை. தன் அக்காவான அவளை மீற முடியாத அப்பா, மேனாம்பேடு அம்மன் கோயிலில் பூப் போட்டுப் பார்க்கலாம் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

“என் பொண்ணு காலேஜுக்குப் போலாமா, தாயே?” என்று அப்பா கேட்டார். பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

“பாத்தியாடா, ஆத்தாளே சொல்லிட்டா” என்றாள் அத்தை.

அம்மா முன்னால் வந்து பூசாரியிடம், “இன்னொரு வாட்டி குலுக்குங்க சாமி. அண்ணி புள்ளைக்கு இவளைக் கட்டலாமான்னும் கேட்டுடலாம்” என்றாள்.

“அது இன்னாத்துக்கு?”

“ஆத்தா சொன்னா சரிதானே, அண்ணி.”

அத்தை பூசாரியைப் பார்த்துத் தலையாட்டினாள். பூசாரி பிரித்தார். அதுவும் சிவப்பு.

“ரெண்டும் வாணான்ட்டா. அப்போ நம்மளையே பாத்துக்கச் சொல்றா. வாங்க, பஸ் போய்டும்” என்று அம்மா நடந்துவிட்டாள். மறுநாள் அப்பாவும் நானும் கல்லூரி வாசலில் நின்றோம்.

பின்னாளில் அதே கிரேக்கர்கள் சொன்ன ஒரு ராஜா கதையைப் படித்தேன். போருக்குப் போகலாமா என்று அவன் குறி கேட்டான். போனால் ஒரு பேரரசு அழியும் என்று வந்தது. சந்தோஷமாகப் படை திரட்டிப் போனான்; அழிந்தது அவனுடைய அரசு. எந்த அரசு என்று அவன் கேட்கவே இல்லை. நூலகத்தில் சத்தமாகச் சிரித்து, திட்டு வாங்கினேன். பாவம், அவன் பக்கத்தில் எங்கள் அம்மா இல்லை.

அம்மாவின் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். கோயிலில் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். புதுப் பூசாரி பூப் போடுவதில்லை. அம்மாவின் தலையில் நூல் துணுக்கு இல்லை, நரைதான்.

சுடிதாரில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறைக் காலையில் அம்மாதான் வெட்டிவிட்டாள். விதியைப் பற்றிக் கிரேக்கர்கள் நினைத்ததை ஆராய, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இன்றுதான் முதல் நாள். இந்தத் தடவை வெள்ளையா சிவப்பா என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை.