ய என்றேனா, யத் என்றேனா

எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகும். எங்கள் வீட்டுப் பழைய ஜப்பான் காருக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். ரங்கூனில் நிறையக் கார்கள் இப்படித்தான். ஏன் என்று யாரும் எனக்கு விளங்கும்படி சொன்னதில்லை. முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவருக்கு அதன் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிரே வருவதைப் பார்க்க முடிகிறவர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான். மகன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து கார் ஓட்டுகிறவள் மருமகள். இடப்பக்கம் உட்காருகிறவள் நான்.

வாரம் முழுக்கக் கார் ரங்கூனின் தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கீழே சும்மா நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற த்வாண்டேக்குப் போகும். அங்கே மருமகளின் அம்மா, என் சம்பந்தி, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கிறாள். தன் மகன் வீட்டில்தான் இருக்கிறாள், சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் தலைக்கு ஊற்றவும் உடம்பு தேய்க்கவும் மகள்தான் வரவேண்டும், மற்றவர்கள் தொட்டால் கூசுகிறது என்பாள். பஸ், படகு, மறுபடி பஸ் என்று மாறிப் போனால் போய்ச் சேர்ந்ததுமே திரும்புகிற கவலை வந்துவிடும். கார் ஓடினால்தான் அந்த அம்மாவுக்கு மகள்.

முன்னால் போகும் வண்டியை முந்துவதற்கு மகன் ஒரு பழக்கம் சொல்லி வைத்திருந்தான். எதிரே காலியாக இருந்தால் பர்மா பாஷையில் "ய" என்று சொல்லவேண்டும், ஆகலாம் என்று அர்த்தம். வண்டி வந்தால் "யத்", நிறுத்து என்று அர்த்தம். பர்மாக்காரர்கள் வாயில் அந்தக் கடைசி எழுத்து வெளியே வராது, தொண்டையிலேயே அமுங்கிவிடும். மருமகள் பர்மாப் பள்ளியில் படித்தவள், தமிழைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்கு லேசு. எனக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. என் குரலும் சின்னது. கடைக்காரர்கள் என்ன, என்ன என்று கேட்டுத்தான் எனக்குச் சாமான் கொடுப்பார்கள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலம் தாண்டி, வயல்களுக்கு நடுவே போகிற ரோட்டில் முன்னால் ஒரு வைக்கோல் லாரி. மருமகள் போகலாமா என்று கேட்டாள். எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், அது நிச்சயம். அந்த நேரம் பார்த்து என் மடியில் இருந்த அவளுடைய போன் அடித்தது. மலேசியாவிலிருந்து மகன். நான் "யத்" என்றேன். அப்படித்தான் நினைக்கிறேன். கார் வெளியே நகர்ந்தது. கண்ணாடி முழுக்க பஸ்ஸின் முகம். அவள் எப்படித் திருப்பினாள் என்று தெரியாது, மறுபடி லாரிக்குப் பின்னால் இருந்தோம். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

"அத்தே, நீங்க ய-ன்னுதானே சொன்னீங்க?"

"யத்-ன்னு சொன்னேன் தாயி."

"எனக்கு அப்படிக் கேக்கல."

நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கடைசியா சொன்னது எது?" என்றாள்.

எனக்கே தெரியவில்லை. நான் தப்பாகச் சொன்னேனா, அவள் தப்பாகக் கேட்டாளா, போன் சத்தம் குறுக்கே வந்து குழப்பியதா, இன்றுவரை பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் போகவில்லை. தலைவலி என்றாள். அதற்கடுத்த வாரம் டயர் சரியில்லை என்றாள். சாவியை எடுத்துக்கொண்டு கீழே போவாள், காரைத் துடைத்துவிட்டு மேலே வந்துவிடுவாள். த்வாண்டேயிலிருந்து அவள் தம்பி போன் செய்தான். அம்மா தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள் என்றான். மருமகள் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். என் மகனோ காரை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டான்.

கீழ்வீட்டுப் பர்மாக்காரம்மா காவலுக்கு வைக்கிற தபியே இலைக்கொத்தும் மல்லிகையும் கொடுத்து, காருக்குள் கட்டித் தொங்கவிடு, ஒன்றும் ஆகாது என்றார். கட்டினேன். அது ஆடி ஆடி எதிரே வருவதையே மறைக்கும்போல் இருந்தது. எடுத்துப் போடவும் பயம். கடைசியில் பின் கண்ணாடிப் பக்கம் வைத்தேன், அங்கே வைத்தால் காவல் உண்டோ இல்லையோ. பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. மாமியார் பேச்சைக் கேட்காமல் கெட்ட மருமகள்களைத்தான் பார்த்திருக்கிறேன், கேட்டுக் கெடப் பார்த்தவள் உன் மருமகள்தான் என்று சிரித்தார். நான் சிரிக்கவா வேண்டாமா என்று நின்றேன்.

வேறு யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், எனக்கு வேண்டாம் என்று மருமகளிடம் சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, செருப்பைப் போடுங்கள் என்றாள். போனை அணைத்துப் பின்சீட்டில் போட்டாள். காரைக் கிளப்புவதற்கு முன் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, இனிமே வேணாம்னா ஒண்ணுமே சொல்லாதீங்க. போலாம்னா மட்டும் சொல்லுங்க. தமிழ்லயே, போ-ன்னு. ரெண்டு தரம் கேட்டாத்தான் போவேன்."

"நா வாயே தொறக்கலைன்னா?"

"பின்னாலயே போவோம். அம்மா என்ன, எந்திரிச்சு ஓடிரவா போறாங்க?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பாலம் தாண்டியதும் ஒரு டிராக்டர் மாட்டிக்கொண்டது. நடக்கிறவர்கள்கூட எங்களைப் பிடித்துவிடுவார்கள் போலிருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ரோடு காலியாகத் தெரியும். சொல்லலாம் என்று வாய் திறந்தால், தூரத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கும். பஸ்ஸா, சுவரா? சுவராகத்தான் இருக்கும். ஆனாலும் பேசாமல் இருந்துவிடுவேன். மருமகள் ஒரு தரம்கூட அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் ஒரு இடத்தில் "போ" என்று சொல்லியே விட்டேன். அவள் நகரவில்லை, காத்திருந்தாள். மறுபடி சொல்வதற்காக மறுபடி பார்த்தேன். மரத்து நிழலிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. முதலில் அது எங்கே இருந்தது? நான் வாயை மூடிக்கொண்டேன். அது எங்களைக் கடந்து போனதும் மருமகள் நீளமாக மூச்சுவிட்டாள். "அப்படியே இருங்க அத்தே," என்றாள். அதன்பிறகு டிராக்டர் வயலுக்குள் திரும்பும்வரை அதன் பின்னாலேயே போனோம்.

போய்ச் சேரும்போது உச்சி வெயில். காய்ச்சி வைத்த வெந்நீர் ஆறி, இரண்டாவது தடவை அடுப்பில் ஏறியிருந்தது. சம்பந்தி வாசல் பக்கமே முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். ஏன் இத்தனை நேரம் என்று மகளைக் கேட்டாள். உன் சம்பந்தியைக் கேள், வழியெல்லாம் வாயே திறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மருமகள் அம்மாவின் தலையைத் தன் மடியில் எடுத்துவைத்துச் சிக்கெடுக்க உட்கார்ந்தாள். சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மூடின கண்ணோடேயே என்னிடம் சொன்னாள்.

"மெதுவாவே வாங்க சம்பந்தி. ஆனா வாங்க."

அவள் பார்க்கமாட்டாள் என்று தெரிந்தும், தலையை ஆட்டினேன்.