பன்னிரண்டு மணிச் சங்கும் குந்தா ஆற்றோரப் பாதையும்

என் மனைவி மல்லிகாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம். "சமதரையில் நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், மேடு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் டாக்டர். நீலகிரியில் சமதரைக்கு எங்கே போவது? குந்தாப் பக்கம் ஆற்றோரமாக ஆறு கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறதென்று கேள்விப்பட்டு, போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அந்த முட்டி இனி பழையபடி உழைக்குமா என்று தெரிந்தாக வேண்டும்.

குன்னூரில் ஏழரைக்குக் கார் எடுத்து ஒன்பதேகாலுக்குச் சேர்ந்தோம். பாதை தொடங்குமிடத்து டீக்கடையில் வாடகை சைக்கிள், மணிக்கு அறுபது ரூபாய். இருந்தது மூன்று. இரண்டில் காற்றில்லை. பம்பு எங்கே என்றால், "மச்சான் கொண்டு போய்ட்டானுங்க" என்று சிரிக்கிறார் கடைக்கார பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சங்கு ஊதுனா ஆத்துக்குள்ள நிக்காதீங்க" என்று அவர் பின்னாலிருந்து சொன்னதற்கு, "எல்லாம் தெரியும்" என்று நடந்துவிட்டேன்.

மல்லிகா மிதிக்க, நான் நடக்க. முதல் இரண்டு கிலோமீட்டர் சிமென்ட், அருமை. அப்புறம் ஜல்லி. அப்புறம் கேரட் மூட்டை ஏற்றும் பிக்அப் வண்டி, பாதையை அடைத்துக்கொண்டு அரைமணி நேரம்! உட்கார ஒரு பெஞ்சு உண்டா? கிடையாது. "முட்டி, முட்டி" என்று நான் கத்திக் கத்தியே நாலு கிலோமீட்டர் போயிற்று.

பசி. சைக்கிளை மேலே நிறுத்திவிட்டு, மெதுவாக அவளை இறக்கி, ஆற்றுப் பாறையில் எலுமிச்சைச் சோற்று டப்பாவைத் திறந்தேன். சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. நான் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். அந்த நேரத்துச் சங்கென்றால் எனக்குச் சோறு, அவ்வளவுதான். "ஃபேக்டரி சங்கு, சாப்பிடு" என்றேன்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அலறினார்கள். "ஏனுங்க! அது அணைச் சங்குங்க! தண்ணி உட்டுட்டாங்க, மேல ஏறுங்க!"

மல்லிகா ஒரே மூச்சில் கரை ஏறிவிட்டாள். நான் டப்பாவைப் பொறுக்கப்போய் வழுக்கி விழுந்தேன். சனியன் பிடித்த டப்பா! அவள் மறுபடி இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டப்பா கெடக்குது, வாங்க!"

நாங்கள் ஏறிய ஐந்தாவது நிமிடம் பாறையைக் காணோம். செத்திருப்போம்.

போகிறவர்களுக்கு: பம்பு எடுத்துப் போங்கள். கரைக்கு மேலேயே சாப்பிடுங்கள். சங்கு கேட்டால் முதலில் ஏறுங்கள், எந்தச் சங்கென்று பிறகு ஆராயலாம். டீக்கடை பாய் சொல்வதைக் காதில் வாங்குங்கள்.

மல்லிகாவின் முட்டிக்கு ஒன்றுமில்லை. வீங்கியது என் முட்டிதான். திரும்பி வந்த நாலு கிலோமீட்டரும் சைக்கிளில் உட்கார்ந்திருந்தது நான். தள்ளிக்கொண்டு நடந்தது அவள்.